ஏழு லாரி மணல்

எங்கள் காலை நடைக் குழுவில் போன வாரம் ஒரு சின்ன வாக்குவாதம். கிழக்குத் தாம்பரம் பூங்காவில் நான்கு சுற்று முடித்துவிட்டு வழக்கமான சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ கடல் அரிப்புப் பக்கம் போயிற்று. "கரை அரிக்கிற இடத்தில் கல்லைக் கொட்டக் கூடாது, மணலைக் கொட்ட வேண்டும்" என்று நான் சொன்னேன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். "கடற்கரையில் மணலைக் கொண்டு போய்க் கொட்டுவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அடுத்த மழைக்கு எல்லாம் போய்விடும். கடலில் கரைத்த பெருங்காயம் சார்!" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. அவர் சொன்ன அதே வாக்கியத்தை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அரசாங்க ஆங்கிலத்தில் எழுதியவன் நான். அதை அந்த பெஞ்சில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் உத்தியோகம் தணிக்கை என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசியில் ஒரு சின்னத் துறைமுகத்தின் கணக்குகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். துறைமுக வாயிலில் சேர்ந்த மணலைத் தூர்வாரி, வடக்கே இருந்த மீனவர் குப்பத்துக் கரையில் கொட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு செலவு காட்டியிருந்தார்கள். நான் தலத்துக்குப் போய்ப் பார்த்தபோது அந்த மணலில் பாதிகூட அங்கே இல்லை. அளவுப் புத்தகத்தில் இத்தனை கன மீட்டர் என்று இருக்கிறது. தரையில் டேப்பை வைத்து அளந்தால் வரவில்லை. தணிக்கைக்காரனுக்கு இதைவிட இனிப்பான சங்கதி உண்டா? "செலவுக்கு ஈடான சொத்து எதுவும் உருவாகவில்லை" என்று ஒரு பத்தி எழுதினேன். அங்கிருந்த உதவிப் பொறியாளர் சின்னப் பையன், என்னிடம் மன்றாடினார். "சார், அது அங்கேயே நிற்பதற்காகப் போட்ட மணல் இல்லை. நகர்ந்து போவதற்காகவே போட்டது" என்றார். நகர்ந்து போவதற்காக ஒரு பொருளுக்குச் செலவு செய்வார்களா என்று நான் கேட்டேன். மறு ஆண்டு மதிப்பீட்டில் அந்த இனம் இல்லை.

என் ஒரு பத்தியால்தான் அது நின்றது என்று சொல்ல மாட்டேன். தணிக்கைக்காரனுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. ஆனால் நிறுத்த நினைத்தவர்களுக்குக் கையில் ஒரு காகிதம் கொடுத்தவன் நான்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அதே பக்கம் போக நேர்ந்தது. அந்தக் குப்பத்தில் மணல் இல்லை. கருங்கல் குவியல் இருந்தது. படகுகளைத் தார்ச் சாலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். கரையோரப் பனைகள் வேர் தெரிய நின்றன. இரண்டு விழுந்து கிடந்தன. அந்த உதவிப் பொறியாளர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் சொன்னது இதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. கிட்டத்தட்ட மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கத்திக் காற்றில் எழும் அலைகள் கரையைச் சாய்வாக வந்து அடித்து மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிச்சம், அதுவும் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். ஓடுகிற ஆறு மாதிரி, கரையை ஒட்டி ஒரு மணல் ஆறு. அதன் குறுக்கே கல்லால் ஒரு சுவர் நீட்டினால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும்.

இதற்குச் சாட்சி தேட நாம் தூரம் போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடிக்கும் தறுவாயில் 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாயிற்று. நாம் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மாங்காய் பத்தை வாங்கித் தின்றுகொண்டு, "எப்பா, எவ்வளவு தூரம் நடக்கணும் தண்ணிக்கு!" என்று அலுத்துக்கொண்டோமே, அந்தத் தூரம் அத்தனையும் துறைமுகம் கொடுத்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஊராகக் கடல் தின்றுகொண்டே போயிற்று. தெருக்கள் போயின, வீடுகள் போயின. மெரினாவில் நாம் மிதித்தது ராயபுரத்துக்குப் போக வேண்டிய மணல். நூற்றைம்பது வருடமாகத் திருப்பிக் கொடுக்காத கடன் என்று என் தொழில் புத்தி சொல்கிறது.

இதே தவறு, இதைவிடத் தெளிவாக, நம் கண் முன்னாலேயே புதுச்சேரியில் நடந்தது. 1986-இல் தொடங்கி 1989-இல் முடித்த துறைமுகத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே அனுப்ப வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது ஒழுங்காக நடக்கவே இல்லை. சில ஆண்டுகளில் காந்தி சிலைக்கு எதிரே இருந்த மணற்கரை காணாமல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. எழுபதுகளில் புதுச்சேரி போனவர்களுக்கு அந்த மணல் நினைவிருக்கும். பிறகு போனவர்கள் அங்கே எப்போதுமே பாறைதான் இருந்தது என்று நினைத்திருப்பார்கள். நகரத்தைக் காக்கக் கல் போட்டதும் கடல் வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போயிற்று. அங்கே கல் போட்டார்கள், அதற்கடுத்த குப்பம். இப்படியே சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று மாநில எல்லையைத் தாண்டி நம் விழுப்புரம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. தெரு விளக்கைக் கல்லால் அடித்தது பக்கத்து வீட்டுப் பையன், அடி வாங்கியது நம் பையன் என்கிற மாதிரி. சென்னைக்காரரான சேகர் தத்தாத்ரி, மறைந்துகொண்டிருக்கும் இந்தியக் கடற்கரைகளைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்திருக்கிறார். பிள்ளைகளிடம் சொன்னால் தேடிப் போட்டுக் காட்டுவார்கள், பாருங்கள்.

அந்தப் புதுச்சேரிக் கரையில் 2018-இல் ஒரு மாற்றம் வந்தது. கொண்டுவந்தவர்கள் வேறு யாரும் இல்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் பெரிய மதில் போட்ட வளாகம் ஒன்று இருக்கிறதே, நாம் என்.ஐ.ஓ.டி. என்று சொல்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அவர்கள்தான். பேருந்தில் ஆயிரம் முறை அந்த வாசலைக் கடந்திருப்போம். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? அவர்கள் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள், தண்ணீருக்கு அடியில் மூழ்கியிருக்கும்படி ஓர் எஃகு அமைப்பை இறக்கினார்கள். அலை அதன் மேல் தடுக்கி வேகம் குறையும். கூடவே துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலைக் கரைக்குக் கொடுத்தார்கள். முப்பது வருடமாக இல்லாத கரை திரும்பி வந்தது. மக்கள் மறுபடி இறங்கி மணலில் உட்கார்ந்தார்கள். நான் 2019-இல் என் மனைவியுடன் போய் நின்று பார்த்தேன். முட்டி வலியோடு அந்த ஈர மணலில் பத்தடி நடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது இங்கே இருந்ததா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. வடக்கே உள்ள குப்பங்களில் அரிப்பு நிற்கவில்லை. ஓரிடத்தில் மணலைப் பிடித்து வைத்தால் அடுத்த இடத்துக்குக் குறையும் என்கிற கணக்கு இங்கும் உண்டு. ஒரு கரையைச் சரிசெய்துவிட்டுத் திறப்பு விழாவோடு விட்டுவிடக் கூடாது. மணல் ஆறு கடைசி வரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், வருடா வருடம் ஊட்ட வேண்டும்.

இங்கேதான் என் பூங்கா நண்பருக்குப் பதில் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை. தினமும் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிறார். நேற்றுக் குத்தியது இன்று காணோம், ஆகவே நேற்றைய செலவு வீண் என்று அவர் சொன்னதில்லை. கரைக்குக் கொடுக்கும் மணலும் அப்படித்தான். ஒரு முறை கட்டி, பலகை வைத்து, படம் எடுத்துக்கொள்கிற வேலை இல்லை அது. பராமரிப்புச் செலவு. கல்லுக்கு ஒரு வசதி: கொட்டினால் கொட்டிய இடத்தில் கிடக்கும், அளக்கலாம், பில் போடலாம், என்னைப் போல ஒருவன் வந்து டிக் அடிக்கலாம். மணல் தன் வேலையைச் செய்தால் போட்ட இடத்தில் இருக்காது. அடுத்த குப்பத்தில் இருக்கும். அடுத்த குப்பத்தில் இருப்பதை இந்த ஒப்பந்தத்தின் கணக்கில் எழுத நம் படிவங்களில் இடம் இல்லை. நம் கரைகள் கல்லாகிப் போனதற்கு இந்தப் படிவங்களும் ஒரு காரணம் என்று, வாழ்நாள் முழுவதும் அந்தப் படிவங்களோடு இருந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இதற்கும் படிவம் கண்டுபிடித்துவிட்டார்கள். நெதர்லாந்து பாதி நாடு கடல் மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடக்கிறது. அவர்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மணல் மேடுகள்தான். 1990-இல் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள்: இன்றைக்குக் கரை எங்கே இருக்கிறதோ, அது பின்வாங்கக் கூடாது; பின்வாங்கினால் மணல் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி கன மீட்டர் கொடுக்கிறார்கள். 2011-இல் இன்னும் ஒரு படி போய், ஹேக் நகருக்குத் தெற்கே ஒரே இடத்தில் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் குவித்தார்கள். நம் கணக்கில் சொன்னால் சுமார் 76 லட்சம் யூனிட். இரண்டு யூனிட் லாரியில் 38 லட்சம் நடை. குவித்துவிட்டுக் காற்றையும் அலையையும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் வாயில், தெற்கே சேரும் மணலைப் பம்பு வைத்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு வடக்கே அனுப்புகிறார்கள். 2001 முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கன மீட்டர். அவ்வளவு பணம் நமக்கு ஏது என்பீர்கள். விசாகப்பட்டினத்தைப் பாருங்கள். துறைமுக வாயிலில் சேரும் மணலைத் தோண்டி ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொடுக்கும் பழக்கம் அங்கே பல காலமாக இருக்கிறது. வாயிலைத் தோண்டுவது எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலை. தோண்டியதை எங்கே போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

"அதெல்லாம் சரி, தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு உமக்கு ஏன் கடற்கரைக் கவலை?" என்று அதே நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் வீட்டிலிருந்து அலைச் சத்தம் கேட்காது.

என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. 1986-இல் சேலையூரில் வீடு கட்டியபோது எழுதிய கணக்கு. செங்கல் இவ்வளவு, சிமெண்ட் மூட்டை இவ்வளவு, கொத்தனாருக்கு வாரக் கூலி இவ்வளவு. அதில் ஒரு வரி: "பாலாற்று மணல் – 7 லாரி". அப்போது தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்தில் யார் வீடு கட்டினாலும் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பாலாற்று மணல்தான். விடியற்காலையில் லாரி வரும், வாசலில் கொட்டிவிட்டுப் போகும், தெருப் பிள்ளைகள் அதில் வீடு கட்டி விளையாடும், பூனைகள் வந்து போகும். நல்ல மணல் என்று கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்து என் மாமனார் சர்டிபிகேட் கொடுத்தார்.

அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலும் வறண்டு கிடந்தாலும், வெள்ளம் வரும் வருடங்களில் அது கடலுக்குக் கொண்டு போய்க் கொடுக்கும் மணல்தான் அலையோடு வடக்கே வந்து மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடு, நீலாங்கரை என்று ஒவ்வொரு கரையையும் ஊட்ட வேண்டும். ஆற்றில் அணையும் தடுப்பணையும் ஒரு பக்கம், ஆளுயரம் தாண்டித் தோண்டிய மணல் குவாரிகள் மறுபக்கம். மேலே வரத்தை அடைத்துவிட்டோம், இருந்த இருப்பையும் அள்ளிவிட்டோம். என் வீட்டுக்கு வந்த ஏழு லாரியும் கடலுக்குத்தான் போயிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என்னைப் போல எத்தனை நோட்டுகள், எத்தனை ஏழு லாரிகள்! கடற்கரையின் ஒரு பகுதி நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மேலே பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று, நம் தண்ணீர். கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் நிறைந்தால் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டு முகத்துவாரம். மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போய்ப் பட்டினப்பாக்கத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி ஜன்னல் வழியாகப் படகில் ஏறியவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். அந்த இரண்டு வாய்களையும் கடல் ஒவ்வொரு வருடமும் மணல் திட்டால் அடைக்கிறது. மழைக்கு முன் இயந்திரத்தை வைத்துத் தோண்டுகிறார்கள். தோண்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் நம் வீட்டில் தண்ணீர் நிற்கும். ஆக நாம் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மணலுக்குப் பங்காளிகள்.

அடையாற்றின் வாயைத் தோண்டுகிறோம். அந்த வாய்க்கு நேர் வடக்கே சீனிவாசபுரம். அங்கே கடல் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மணல் அதிகமாகி அடைப்பு, கூப்பிடு தூரத்தில் மணல் இல்லாமல் அரிப்பு! இந்தப் பக்கம் எடுத்ததை அந்தப் பக்கம் கொடு என்பதற்கு ஒரு பெரிய ஆய்வறிக்கை வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும். பொறியாளர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும் நிபந்தனைகளும் நியாயமானவைதான்: மணல் பருமனாக இருக்க வேண்டும், பொடியாக இருந்தால் ஒரே வாரத்தில் ஆழ்கடலுக்குப் போய்விடும், சேறும் சாக்கடைக் கசடும் கலந்திருக்கக் கூடாது, அடையாற்று வாயில் அதைப் பிரித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில் கரையில் இயந்திரம் உறுமக் கூடாது. இன்னொரு கரையில் சுரண்டி இந்தக் கரைக்குக் கொடுப்பதும் கூடாது. அது திருப்பதி உண்டியலில் எடுத்துப் பழனி உண்டியலில் போடுகிற புண்ணியம்.

மணல் மேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். எழுபதுகளில் அலுவலக நண்பர்களோடு கோவளம் போவோம். சாலையில் இறங்கிக் கடலைப் பார்க்க முடியாது, நடுவில் மேடு. ஏறி உச்சிக்குப் போனால்தான் சட்டென்று நீலம் தெரியும். மேட்டின் இந்தப் பக்கச் சரிவில் சவுக்கும் பனையும் தாழையும். அந்தப் பக்கம் ராவணன் மீசைப் புல்லும் ஆட்டுக்கால் மாதிரி இலை பிளந்த அடம்பங்கொடியும். அந்த ஊதாப் பூக்கொடியைத்தான் சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடினார்கள் என்று எங்கள் கூட்டத்தில் தமிழ் எம்.ஏ. படித்த ஒருவர் சொன்னார். நாங்கள் சுண்டலில் கவனமாக இருந்தோம்.

அந்தக் கொடி அழகுக்குப் படர்ந்ததில்லை. அமைதியான மாதங்களில் கடல் கொண்டுவந்து போடும் மணலைக் காற்று உள்ளே தள்ளும். கொடியும் புல்லும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேடு வளரும். புயல் வரும்போது கடல் அந்த மேட்டிலிருந்து மணலை இழுத்து, கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் ஒரு திட்டாகப் போட்டுக்கொள்ளும். அலை அதில் உடைந்துவிடும். புயல் ஓய்ந்ததும் மெல்லத் திருப்பித் தரும். கரை சேமிப்புக் கணக்கு என்றால் மேடு வைப்பு நிதி. அவசரத்துக்கு உடைக்கலாம், பிறகு கட்டிவிட வேண்டும். இந்த மேடுகளுக்கு இன்னொரு கொடையும் உண்டு. மழை நீரை உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்ளும். கடலிலிருந்து நூறடி தள்ளிக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறியதை நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். திருவான்மியூர் முதல் கோவளம் வரையுள்ள அந்த மணற்படுகையில் கிணறு போட்டுத்தான் குடிநீர் வாரியம் சென்னைக்கே ஒரு காலத்தில் தண்ணீர் எடுத்தது.

பிறகு அந்த வைப்பு நிதியின் மேல் வீடு கட்டினோம். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் மேட்டைத் தட்டி மட்டமாக்கி, வரவேற்பறையிலிருந்தே கடல் தெரிய வேண்டும் என்று கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். மணல் மேட்டை மாற்றி அமைக்கக் கூடாது என்று 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஜே.சி.பி. ஓட்டுபவர் அறிவிக்கை படிப்பதில்லை. இப்போது அந்தக் கண்ணாடிக்கு வெளியே கல் அடுக்குகிறார்கள், அதுவும் அவரவர் மனைக்கு மட்டும். பக்கத்து மனைக்காரர் பாடு அவர் பாடு.

1990 முதல் 2018 வரை தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்று மத்திய அரசின் கடலோர ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. நாடு முழுவதற்கும் எடுத்தால் 34 சதவீதம். நாம் சராசரியை மிஞ்சியதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

என் பக்கத்து வாதத்தின் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். கானத்தூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவர் இருக்கிறார். முன்பு எங்கள் தெருவுக்கு அவர் மனைவி மீன் கொண்டுவருவார். கரையைப் பார்க்கப் போனபோது கல்லைப் பற்றி அவரிடம் கேட்டேன். "கடலு எங்கயும் வரல சார். மண்ணுதான் போயிடுச்சு. கல்லு போட்டா போட்டை எங்க இழுத்து வைக்கிறது? வலைய எங்க காய வைக்கிறது?" என்றார். எனக்குச் சந்தோஷம். என் கட்சிக்காரர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கழித்து அவரே, "ஆனா இந்த ஐப்பசிக்குள்ள தூண்டில் வளைவு போட்டுத் தரோம்னா வேணான்னு சொல்ல மாட்டேன் சார். எங்க வூட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல எண்பதடி தான் இருக்குது" என்றார்.

அவரிடம் போய் ட்வீட் ஆற்றுக் கதை பேச எனக்கு மனம் வரவில்லை. வாசலில் கடல் நிற்கும்போது யாராயிருந்தாலும் கல்தான் கேட்போம். மணல் மெதுவான வைத்தியம். மரண வாசலில் இருப்பவனுக்கு அது போதாது. சில இடங்களில் கல் போட்டே ஆக வேண்டியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். சில இடங்களில், கடல் மட்டம் உயர்வதைப் பார்த்தால், வீட்டையே பின்னால் நகர்த்த வேண்டி வரும். அப்படி நகர்த்துவதாக இருந்தால் முதலில் கண்ணாடி வீட்டுக்காரரை நகர்த்தட்டும்; குப்பத்தை முப்பது மைல் தள்ளிக் கொண்டுபோய் அடுக்கு மாடியில் ஏற்றிவிட்டு, காலியான இடத்தில் உணவகம் திறக்க வேண்டாம். கல் போட்டே தீர வேண்டுமென்றால், அந்தக் கல்லால் வடக்கே எவ்வளவு மணல் குறையும் என்று கணக்கிட்டு, அந்த அளவு மணலை ஆண்டுதோறும் அங்கே கொடுக்கும் செலவையும் அதே மதிப்பீட்டில் சேர்க்கட்டும். கல்லுக்கு மட்டும் ஒரு கோப்பு, அதனால் அடுத்த ஊர் இழப்பதற்குக் கோப்பே இல்லை என்பதுதான் இத்தனை வருட வழக்கம்.

நான் இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், எனக்குத் தெரிந்ததும் அதுதான். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். மூன்றே கேள்விகள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அடையாறு, முட்டுக்காடு முகத்துவாரங்களில் ஆண்டுவாரியாக எத்தனை கன மீட்டர் மணல் தோண்டப்பட்டது? அது எங்கே கொட்டப்பட்டது? கொட்டிய இடத்துக்கு அளவுப் பதிவு உண்டா?

மூன்றாவது கேள்வியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பிறகு வேறு மாதிரி எழுதினேன்: "கொட்டிய மணல் அதன் பிறகு எந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது பார்த்தார்களா?"

தபால் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்தால் இங்கே எழுதுகிறேன்.